சுதந்திரம் என்னும் சொல்

பெங்களூரில் வாழும் தமிழராகிய நாம் சென்ட்ரல் கல்லூரியை அறிவோம். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அங்குப் பயின்றவர். 1959 மே மாதம் இந்நகரில், தனியார் தொழில் முயற்சியை ஆதரித்த மன்றமொன்றின் கூட்டத்தில் அவர் பேசினார். ஜூன் 4-ஆம் நாள் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது.

1951-ஆம் ஆண்டின் சட்டப்படி, பல தொழில்களில் ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் உரிமம் தேவைப்பட்டது. இத்தகைய கட்டுப்பாடுகளையே அவர் 'லைசென்ஸ்-பர்மிட் ராஜ்யம்' என்று சாடினார். எனினும், செல்வர் தம் பொருளை ஊருக்குரிய அறப்பொருளாகக் காக்கவேண்டும் என்னும் காந்தியடிகளின் தருமகர்த்தா நெறியையும் அக்கட்சி ஏற்றிருந்தது. 1974-இல் அது வேறு கட்சிகளோடு இணைந்து மறைந்தது. 1991-இல் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமமுறை நீங்கியது. அம்மாற்றத்தைத் தாராளமயம் என்கிறோம்.

நம் சிற்றூர்களில் 'சுதந்திரம்' என்பதற்கு மற்றொரு பொருளும் வழங்கியது. அறுவடைக் களத்தில் தச்சரும் கொல்லரும் உரிமையாகப் பெற்ற தானியப் பங்கிற்கும் அதுவே பெயர். தடை நீங்குதல் ஒரு பொருள். உழைத்தவர் பங்கு பெறுதல் மற்றொன்று. தொழில் வளம் பெருகிய இப்பெங்களூரில், கட்டடம் எழுப்புவோர்க்கும் தெருவைத் தூய்மை செய்வோர்க்கும் அந்த இரண்டாம் சுதந்திரம் கிட்டியுள்ளதா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.