இரு வில்லைகளும் ஒரு சாளரமும்
– தூரமானிக் கமராவின் அகலக்கோண வரலாறு பற்றிய ஒரு நோக்கு –

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றைக் கையாண்டோர் எதனைத் தெரிந்தனர், எதனைக் கைவிட்டனர், அத்தெரிவுக்கு அவர்களை உந்திய காரணிகள் யாவை என்னும் வினாக்கள் அவ்வரலாற்றின் புறத்தே நின்றுவிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் செய்திப் புகைப்படக் கலையை உருவாக்கியவற்றுள் ஒன்றான தூரமானிக் கமராவின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அக்கமராவுடன் வீதியில் இறங்கியோர் பலர், ஒன்றற்கொன்று துணையாக அமையும் இரண்டொரு வில்லைகளையே உடன்கொண்டு சென்றனர். அகலக்கோண வில்லைகளைப் பொறுத்தவரை 35 மி.மீ., 21 மி.மீ. என்னும் இணை ஒரு மரபாகவே நிலைபெற்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 28 மி.மீ. வில்லை நெடுங்காலம் ஒதுங்கியே நின்றது. இது ஒளியியலின் தருக்கத்தால் மட்டும் விளைந்ததா, அன்றி வேறு காரணிகளும் இதன் பின்னணியில் இயங்கினவா என்பதே ஆராயற்பாலது.

ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரில் நுணுக்குக்காட்டிகளைச் செய்துவந்த ஏர்ன்ஸ்ற் லைற்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஒஸ்கார் பார்னாக், சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்தும் சிறு கமரா ஒன்றின் முன்மாதிரியை முதலாம் உலக யுத்தத்தின் தறுவாயில் அமைத்தார். சினிமாச் சட்டங்கள் இரண்டை ஒன்றாக்கி 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமுங் கொண்ட படத்தினை அது பதிவு செய்தது. 1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்னும் பெயருடன் அது மக்கள் முன் வந்தது. மக்ஸ் பெரெக் கணித்தமைத்த 50 மி.மீ. வில்லை அதில் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. வில்லையை மாற்றும் வசதி 1930இல் ஏற்பட்டது. அதனுடன் 35 மி.மீ. எல்மார் வில்லையும் தோன்றியது. 1932இல் லைக்காவின் இரண்டாம் வடிவமும், டிறெஸ்டன் நகரில் சைஸ் ஐக்கோன் நிறுவனம் செய்த கொன்ராக்ஸ் கமராவும் வெளிவந்தன. இரு சாளரங்களின் வழியே வரும் பிம்பங்களை ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தித் தூரத்தை அளக்கும் தூரமானி, இவ்விரண்டிலும் வில்லையின் அசைவுடன் இணைக்கப்பட்டிருந்தது. தூரமானிக் கமராவின் உண்மையான வரலாறு இங்கிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

துணையான வில்லை என்பதன் பொருளை எண்களால் விளக்கிக் கொள்ளுதல் நன்று. 24 க்கு 36 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ. ஆகும். அம்மூலைவிட்டத்தில் 50 மி.மீ. வில்லை ஏறத்தாழ 47 பாகையையும், 35 மி.மீ. வில்லை 63 பாகையையும், 28 மி.மீ. வில்லை 75 பாகையையும், 21 மி.மீ. வில்லை 92 பாகையையும் காண்கின்றன. ஒரே இடத்தில் நின்று ஒரே சுவரை நோக்கும்போது படத்தினுள் அடங்கும் பரப்பானது குவியத் தூரங்களின் விகிதத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறும். 50 இலிருந்து 35 க்குச் செல்லும்போது அது இரு மடங்காகின்றது. 35 இலிருந்து 28 க்குச் செல்லும்போது ஒன்றரை மடங்கே ஆகின்றது. இவ்வேறுபாட்டினை இரண்டோர் அடி பின்னால் வைத்தே பெரிதும் ஈடுசெய்துவிடலாம். 35 இலிருந்து 21 க்குச் செல்லும்போதோ அது மும்மடங்கை நெருங்குகின்றது. பின்னால் நகர்வதால் மட்டும் இதனை ஈடுசெய்தல் அரிது. சிறிய அறையிலும் ஒடுங்கிய சந்திலும் அது இயலவே இயலாது. எனவே, ஒன்றன் பணியை மற்றது செய்யாதவாறு அமைவதே துணையான இணை என வரையறுப்பின், 35உம் 21உம் என்னும் இணைக்கும், 50உம் 28உம் என்னும் இணைக்கும் கணிதத்தின் ஆதரவு உண்டு. பின்னையது மும்மடங்கிற்குஞ் சற்று மேற்பட்ட இடைவெளி உடையது. அவ்வாறாயின் முன்னையது மரபாகியமைக்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும்.

முதற் காரணம் வில்லையின் வரலாற்றிலேயே உள்ளது. 28 மி.மீ. வில்லைகள் 1930களிலேயே தோன்றிவிட்டன. ஆயின் 1935இல் லைற்ஸ் வெளியிட்ட ஹெக்ரோர் வில்லையின் மிகப்பெரிய துவாரம் 6.3 ஆகவே இருந்தது. அக்காலத்தின் மந்தமான படச்சுருளுடன் அதனை அறையினுள்ளே கையிற் பிடித்துப் பயன்படுத்துதல் கடினமாயிற்று. கோணம் விரியும்போது படத்தின் ஓரங்களில் ஒளி விரைவாகக் குன்றுதல் இன்னொரு தடையாயிற்று. ஓரத்து ஒளி அரைக்கோணத்துக் கோசைனின் நான்காம் வலுவிற்கேற்பக் குறையும் என்பது விதி. இவ்விதி முழுமையாக நின்றால், 21 மி.மீ. வில்லையின் படத்தின் மூலையில் நடுவிலுள்ள ஒளியின் கால்வாசியும் எஞ்சாது.

இத்தடையைத் தளர்த்தியோர் தெருப் புகைப்படக்காரருக்காக உழைத்தவரல்லர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. ஆகாயத்திலிருந்து நிலப்படம் வரைவதற்கான வில்லைகளை ஆக்கியோரே அவர்கள். சோவியத் ஒளியியலாளர் மிகையில் றூசினோவ், நடுவே குவிவு வில்லைகளும் இருபுறமும் பெரிய குழிவு வில்லைகளும் சமச்சீராக அமைந்த அமைப்பொன்றினுக்கு 1946இல் காப்புரிமை கோரினார். ஓரத்து ஒளியின் வீழ்ச்சியை அது கணிசமாகக் குறைத்தது. கொன்ராக்ஸ் கமராவிற்கு முன்னரே 35 மி.மீ. பயோகன் வில்லையை வழங்கியிருந்த லூட்விக் பேர்ற்றலே, யுத்தத்தின் பின் சுவிற்சர்லாந்தின் வில்ட் நிறுவனத்துக்காக அவியோகன் என்னும் வான்பட வில்லையை ஆக்கினார். அதன் வழியில் வந்த 21 மி.மீ. பயோகன் 1954இல் கொன்ராக்ஸ் கமராவிற்கென வெளியாயிற்று. துவாரம் 4.5 உடைய அவ்வில்லையில் நேர்கோடுகள் நேர்கோடுகளாகவே பதிந்தன. இதனைத் தொடர்ந்து 1958இல் குறொய்ஸ்னாக் நகரின் ஷ்னைடர் நிறுவனம் செய்த 21 மி.மீ. சூப்பர் அங்குலோன் லைக்காவிற்குக் கிடைத்தது. இவ்வாறு 28 மி.மீ. வில்லை மந்தமாக நின்ற வேளையில் 21 மி.மீ. வில்லை அதனைத் தாண்டிச் சென்றுவிட்டது.

யுத்தத்தின் வடுவும் இவ்வில்லைகளிற் பதிந்துள்ளது. 1945இன் பின் கொன்ராக்ஸின் உற்பத்திச் சாதனங்கள் சோவியத் ஒன்றியத்திற்குச் சென்று, கியெவ் என்னும் பெயரில் அக்கமரா அங்கே தொடர்ந்து செய்யப்பட்டது. பழைய பயோகனின் அமைப்பு யூப்பிற்றர் 12 என்னும் பெயரில் வாழ்ந்தது. மேற்கு ஜேர்மனியில் 1950இல் வெளிவந்த புதிய கொன்ராக்ஸின் உட்புறத்திலோ, பின்கண்ணாடி ஆழமாக உட்செல்லும் பழைய பயோகனுக்கு இடமிருக்கவில்லை. அதற்கென வேறொரு பயோகனைப் புதிதாகக் கணிக்க வேண்டியதாயிற்று. பிரிவுண்ட நாடொன்றின் கதையை ஒரு வில்லையின் பின்கண்ணாடி கூறுகின்றதெனின் அது மிகையன்று.

இரண்டாவது காரணம் பார்வைச் சாளரமாகும். தூரமானிக் கமராவைக் கையாள்பவர் வில்லையினூடாகக் காண்பதில்லை. தனியான சாளரத்தில் ஒளிரும் சட்டக் கோடுகளைக் கொண்டே படத்தின் எல்லையை உணர்கின்றார். 1954இல் வந்த லைக்கா எம் 3இன் சாளரம் காட்சியை ஏறத்தாழ இயற்கையளவிலேயே காட்டியது. அதனால் 50, 90, 135 மி.மீ. வில்லைகளுக்கே அதில் கோடுகள் இருந்தன. 35 மி.மீ. வில்லையை விரும்பியோர், மூக்குக்கண்ணாடி போன்ற துணையமைப்பினை உடைய வில்லையையோ, கமராவின் மேற் பொருத்தும் தனிச் சாளரத்தையோ நாடவேண்டியிருந்தது. அடுத்து வந்த எம் 2, காட்சியை 0.72 மடங்காகச் சுருக்கி 35 மி.மீ. க்கான கோட்டினைத் தந்தது. 1967இன் எம் 4உம் அகலக்கோணத்தில் 35 உடனேயே நின்றது. 28 க்கான கோடு 1980இல் அறிமுகமான எம் 4-பி கமராவிலேயே தோன்றிற்று.

இதன் விளைவு வெளிப்படையானது. 35 மி.மீ. வில்லைக்குச் சாளரம் கமராவிலேயே உண்டு. அதனினும் அகன்ற எவ்வில்லைக்கும் தனிச் சாளரம் தேவை. தனிச் சாளரத்தின் தொல்லையை ஏற்பதாயின், சிறு வேற்றுமையைத் தரும் 28ஐ விடப் பெருவேற்றுமையைத் தரும் 21ஐ ஏற்பதே பயனுடையது என்பது இயல்பான முடிவாகும். மேலும் துவார எண் 8இல் 35 மி.மீ. வில்லையை ஏறத்தாழ 5 மீற்றருக்கு அமைத்தால் 2.6 மீற்றர் முதல் முடிவிலி வரை தெளிவு கிடைக்கும். 21 மி.மீ. வில்லையை 1.9 மீற்றருக்கு அமைத்தாலே ஒரு மீற்றருக்குங் குறைவான தூரத்திலிருந்து முடிவிலி வரை அனைத்தும் தெளிவாகும். தனிச் சாளரத்தின் வழியே நோக்குபவர் தூரமானியை அதேவேளை நோக்கமுடியாது எனினும், 21 மி.மீ. வில்லைக்கு அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. ஆகவே, ஒரு தலைமுறையின் அழகியல் விருப்பமெனக் கருதப்பட்ட இணையொன்று, பெருமளவு சாளரத்துக் கோடுகளால் வரையப்பட்டதேயாகும்.

தூரமானிக் கமராவின் இச்சிறப்பு அதன் வெறுமையிலிருந்து பிறந்தது. ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமராவில் வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே ஆடியொன்று எழுந்து விழவேண்டும். 1959இல் வந்த நிக்கோன் எப் கமராவில் வில்லையின் பொருத்துதளத்திற்கும் படச்சுருளுக்கும் இடையிலான தூரம் 46.5 மி.மீ.; லைக்கா எம் வரிசையில் அது 27.8 மி.மீ. மாத்திரமே. எனவே தெறிப்புக் கமராவின் அகலக்கோண வில்லைகள், பிரான்சின் அஞ்ஜெனியூ நிறுவனம் 1950இல் புகுத்திய பின்தள்ளிய குவிய அமைப்பினை நாடின. தூரமானிக் கமராவிலோ வில்லை படச்சுருளை அண்மிச் செல்லலாம். ஆயினும் இந்நலன் நிலைக்கவில்லை. 1971இன் எம் 5 கமரா வில்லையினூடாக ஒளியை அளக்கத் தொடங்கியபோது, உட்புகுந்த சூப்பர் அங்குலோன் அவ்வளவீட்டிற்கு இடையூறாயிற்று. 1980இல் லைற்ஸ் வெளியிட்ட 21 மி.மீ. எல்மாரிற் வில்லையும் பின்தள்ளிய அமைப்பினையே ஏற்றது. ஒளிமானியின் வசதிக்காகச் சமச்சீரமைப்பு கைவிடப்பட்டது.

இவ்வளவும் கருவியின் பக்கம். கையாண்டோரின் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அகலக்கோண வில்லை தூர நோக்கினை மாற்றுகின்றது என்பது பலரிடம் வேரூன்றிய தவறான எண்ணமாகும். அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் ஒன்றற்கொன்று கொள்ளும் அளவுத் தொடர்பினை, கமரா நிற்கும் இடமே தீர்மானிக்கின்றது. வில்லை செய்வதெல்லாம் அவ்விடத்திற்குப் புகைப்படக்காரரை அழைத்துச் செல்வதே. 50 மி.மீ. வில்லையையே பெரிதும் விரும்பிய ஹென்றி கார்ற்றியே பிறெசோன், காணப்படாத சாட்சியாகச் சற்று விலகி நின்றார். 28 மி.மீ. வில்லையைப் பெரிதும் கையாண்ட கரி வினோகிறான்ட், நியூயோர்க் வீதியின் நெரிசலினுள் தானும் ஒருவராகக் கலந்து நின்றார். 21 மி.மீ. வில்லையைக் கையிலெடுப்பவர் எதிரிலிருப்பவரின் மூச்சுக் கேட்கும் தூரத்திற்குச் செல்லவேண்டும். செல்லாவிடின் படம் வெறுமையாகும். சென்றாலோ, சட்டத்தின் ஓரத்தில் அகப்பட்ட முகம் நீண்டு விகாரமாகும். ஓரத்தில் நிற்கும் ஏழை ஒருவரின் முகத்தைச் சிதைப்பது ஒளியியலின் குற்றமா, அவரை அங்கே நிறுத்திய புகைப்படக்காரரின் குற்றமா என்னும் வினா எழாமற் போகாது. நேர்கோட்டை நேர்கோடாகவே பதிக்கும் வில்லை, அதன் பொருட்டே வட்டமான தலையை முட்டை வடிவாக்குகின்றது. நிலப்படம் வரைவோனுக்குப் பொருந்திய மெய்ம்மை மனித முகத்திற்குப் பொருந்துவதில்லை.

கொன்ராக்ஸ் தூரமானிக் கமராவின் உற்பத்தி 1961இல் நின்றது. நிக்கோனும் கனொனும் தெறிப்புக் கமராவிற்கு மாறின. எனினும் அகலக்கோணத் தூரமானி மரபு அழிந்துபோகவில்லை. 1999இல் யப்பானின் கொசினா நிறுவனம் வெளியிட்ட பெஸ்ஸா எல் கமராவில் தூரமானியும் இல்லை, சாளரமும் இல்லை. 25 மி.மீ., 15 மி.மீ. வில்லைகளுக்குத் தூரமானி வேண்டியதில்லை என்னும் பழைய அனுபவத்தின் முடிந்த முடிபு அது. பின்னர் அந்நிறுவனமே 21 மி.மீ. வரையான சட்டக் கோடுகளைச் சாளரத்தினுள்ளேயே கொண்ட கமராவையும் செய்தது. அரை நூற்றாண்டாகத் தெரிவைக் கட்டுப்படுத்திய தடை அத்துடன் நீங்கிற்று. 2006இல் எண்ணிம லைக்கா வந்தபோது மற்றொரு தடை தோன்றியது. சாய்ந்து விழும் கதிர்களைப் படச்சுருள் எளிதில் ஏற்கும். மின்னணு உணரியோ அவற்றை எளிதில் ஏற்பதில்லை. ஓரங்கள் இருண்டும் நிறம் மாறியும் தோன்றுகின்றன. பேர்ற்றலேயின் வழிவந்த சமச்சீர் வில்லைகள் இன்றும் படச்சுருளிலேயே தம் முழு ஆற்றலையுங் காட்டுகின்றன.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, எவ்விரு வில்லைகள் ஒன்றற்கொன்று துணை என்னும் வினாவிற்கு என்றும் மாறாத விடை இருந்ததில்லை என்பது புலனாகும். படச்சுருளின் வேகம், வான்பட வில்லையின் வருகை, சாளரத்தின் கோடு, ஒளிமானியின் கை என ஒவ்வொன்றும் அவ்விடையை மாற்றியமைத்தன. புகைப்படக்காரர் தம் விருப்பம் என எண்ணியதிற் பெரும்பகுதி முன்னரே கருவியில் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் கருவி எழுதாத ஒன்று எஞ்சிநின்றது. மக்களுக்கும் தமக்கும் இடையே எவ்வளவு தூரம் இருத்தல் வேண்டும் என்பதே அது. அதனை எந்தத் தூரமானியும் அளந்து கூறவில்லை. கமராவை ஏந்தியவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது.