ஆடு தின்னாத அழகு: அலங்கார மரங்கள் காடேறிய வரலாறு

நாற்றங்காலுக்குக் கன்று வாங்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சீக்கிரம் வளருமா? பூ நிறைய வைக்குமா? ஆடு மாடு வாய் வைக்குமா? சாலையோரத்துக்கும் பள்ளி வளாகத்துக்கும் கூண்டில்லாமல் நட்டுவிட்டுப் போகலாம் என்றால் அந்தக் கன்றுக்குத்தான் முதல் கிராக்கி. நட்டதில் எத்தனை பிழைத்தது என்று கணக்குக் கேட்கும் அரசுத் திட்டங்களுக்கும் இதே அளவுகோல்தான். இந்தியாவில் அலங்காரத்துக்கு வந்து காட்டைப் பிடித்த மரங்களின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், எந்தக் குணத்துக்காக அவை தேர்ந்தெடுக்கப்பட்டனவோ அதே குணமே பின்னால் வினையாக முடிந்திருப்பது தெரிகிறது.

களமருதூர் முதல் கச்சிராயபாளையம் வரை ஏரியையும் வாய்க்காலையும் நம்பி விவசாயம் நடக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், அந்நிய மரம் என்றதும் நினைவுக்கு வருவது சீமைக்கருவேலம். அது அலங்காரத்துக்கு வந்ததல்ல, விறகுக்கு வந்தது. சென்னை மாகாணத்தின் வடக்கு வட்ட வனப் பாதுகாவலராக இருந்த பெட்டோம் 1876இல் வருவாய்த் துறைக்கு எழுதிக் கேட்க, ஜமைக்காவிலிருந்து விதை வந்து 1877இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நடப்பட்டது. வறண்ட நிலத்தில் பச்சை பிடிக்க வேண்டும், வெட்டினால் துளிர்க்க வேண்டும், ஆடு இலையைத் தொடக் கூடாது: கேட்டதெல்லாம் அதனிடம் இருந்தது. நெற்றை மட்டும் ஆடுமாடுகள் விரும்பித் தின்றன. விதை சாணத்தோடு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

அழகுக்காக வந்த வரிசையில் மூத்தது உண்ணிச்செடி. மரமல்ல, புதர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பூச்செடியாக வந்து, வேலிச்செடியாக ஊர்களுக்குப் பரவி, பழம் தின்ற பறவைகளின் தயவில் மலைக்காடுகளுக்குள் புகுந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை மூடிய சீகை மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. அவற்றின் கதை தனியாக எழுதப்பட வேண்டிய அளவு நீளமானது.

விடுதலைக்குப் பிறகு மரம் நடுவது அரசுக் கடமையாகவே ஆயிற்று. கே.எம். முன்ஷி 1950இல் வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். 1976இல் தேசிய வேளாண் ஆணையம் சமூகக் காடுகள் திட்டத்தைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1981இல் சுவீடன் நாட்டு உதவியோடு அது பெரிய அளவில் நடந்தது. ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் கருவேலமும் சாலையோரங்களில் நிழல் மரங்களும் நடப்பட்டன. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விறகுப் பஞ்சம் நிஜமாகவே இருந்தது. ஆனால் இலக்கு லட்சக்கணக்கில் என்று ஆனபோது, விதை எளிதில் கிடைப்பதும் தண்ணீர் ஊற்றாமலே பிழைப்பதுமான சில இனங்களே நாற்றங்கால்களை நிறைத்தன.

இந்தக் காலத்தின் பிள்ளைதான் சென்னா ஸ்பெக்டபிலிஸ். வனத்துறை இதை மஞ்சள் கொன்றை என்கிறது. சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. 1980களில் கேரளத்தின் வயநாட்டில் நிழலுக்கும் பூவுக்குமாகச் சாலையோரங்களில் நட்டார்கள். விஷுக் கணியில் வைக்கும் கொன்றையைப் போலவே பொன்னிறப் பூ, அதைவிட வேகமான வளர்ச்சி. யாருக்குத்தான் பிடிக்காது?

நம் சரக்கொன்றையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேற்றுமை புரியும். சரக்கொன்றையின் பூ சரமாகக் கீழே தொங்கும். கோடையில் இலை உதிர்ந்த கிளையில் மலரும். அதன் காய் கை நீளத்துக்குக் கறுத்து இறுகிய குழல். உள்ளே தட்டுத் தட்டாகப் பிசினுக்குள் விதை இருக்கும். அதைக் குரங்கோ கரடியோ நரியோ உடைத்துத் தின்றால்தான் விதை வெளியே வரும். வந்தாலும் ஓடு கெட்டி, முளைக்க நாளாகும். மஞ்சள் கொன்றையின் பூங்கொத்தோ கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். மழைக்காலத்தை ஒட்டிப் பூக்கும். காய் மெலிந்தது, மரத்துக்கு மரம் ஏராளமாகக் காய்க்கும், விதைக்கு எந்த விலங்கின் தயவும் தேவையில்லை. அடியில் முளைத்த கன்றுகள் நெருக்கமாக எழுந்து நிழல் கட்டிவிடும்; அந்த நிழலில் புல் வளராது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். மானும் காட்டெருமையும் இலையைச் சீண்டுவதில்லை.

புல் போனால் மான் போகும் என்பதால்தான் இது புலிக் காப்பகங்களின் கவலையாக ஆனது. 344 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வயநாடு வனவிலங்குச் சரணாலயத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில் இந்த மரம் இருப்பதாக ஒரு கட்டத்தில் கணக்கெடுக்கப்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம், முதுமலைப் புலிகள் காப்பகத்தின் வெளிவட்டத்தில் சிங்காரா, மசினகுடிப் பகுதிகளில் 800 முதல் 1,200 ஹெக்டேர் வரை பரவியதாக மதிப்பீடு. பந்திப்பூரும் சத்தியமங்கலமும் தப்பவில்லை. நட்டதற்கும் ஆபத்தை உணர்ந்ததற்கும் இடையே ஏறக்குறைய ஒரு தலைமுறைதான் கழிந்தது.

இந்த இடைவெளியைப் பற்றி இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் வெளியிலிருந்து வந்த மரம், புதர்களின் வரலாற்றை 1995இல் இங்கோ கோவாரிக் தொகுத்தார். ஒரு மரம் வந்து சேர்ந்ததிலிருந்து தானாகப் பரவத் தொடங்கும்வரை சராசரியாக 170 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹவாய்த் தீவுகளில் கர்ட்டிஸ் டேலர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் மரவகைத் தாவரங்களுக்கு அந்தக் காத்திருப்பு வெறும் 14 ஆண்டுகள். வெப்பமண்டலத்தில் காலம் சுருங்கிவிடுகிறது. ஐரோப்பிய அனுபவத்தை வைத்து ‘இத்தனை வருஷமாக இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லையே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள நமக்கு வழியில்லை.

உலகத்தில் இதற்கு முன்னுதாரணம் ஏராளம். பசிபிக் தீவான தாகித்தியில் ஹாரிசன் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1937இல் தன் தோட்டத்தில் மிக்கோனியா மரத்தை நட்டார். இலையின் அடிப்பக்கத்து ஊதா நிறத்தில் மயங்கித்தான் நட்டார். இன்று அது தீவின் மூன்றில் இரண்டு பங்கை மூடியிருக்கிறது. தான்சானியாவின் மகாலே மலையில் 1967இல் நடப்பட்டது நம் கதையின் நாயகனான மஞ்சள் கொன்றையேதான். மகாலே தேசியப் பூங்காவாகி மக்கள் வெளியேறிய பின், பழைய குடியிருப்புகளிலிருந்து அது சிம்பன்சிகளின் காட்டுக்குள் இறங்கிவிட்டது.

இதற்காக வெளிநாட்டு மரம் எல்லாவற்றையும் சந்தேகிப்பது அறியாமை. மடகாஸ்கரின் மயில்கொன்றையும் தென்னமெரிக்காவின் தூங்குமூஞ்சியும் நாகலிங்கமும் நம் தெருக்களில் நீண்ட காலமாக நிற்கின்றன. காட்டுக்குள் பெரிதாக நுழையவில்லை. மிளகாயையும் முந்திரியையும் திருப்பி அனுப்ப யாரும் சொல்லப்போவதில்லை. நகரங்களில் நடப்படும் ஆப்பிரிக்கத் துலிப் மரத்தின் மீது மட்டும் ஒரு கண் இருக்கட்டும்: உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதுவும் இடம் பெற்றிருக்கிறது.

அகற்றும் முயற்சிகளும் இப்போது ஒரு வரலாறாகிவிட்டன. சீமைக்கருவேலத்தை அகற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டதும் பொக்லைன்கள் இறங்கின. அதே ஆண்டில் அந்த வேலைக்குத் தடையும் வந்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்த மரமே சோறு. 2022இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் வாழிட மீட்புக்குமான கொள்கையை வெளியிட்டது. உண்ணிச்செடி, சீமைக்கருவேலம், சீகை ஆகியவற்றோடு மஞ்சள் கொன்றையும் முன்னுரிமை வரிசையில் வந்தது. முதுமலையில் வெட்டிய மஞ்சள் கொன்றையைக் காகிதக் கூழாக்க தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் (டி.என்.பி.எல்.) எடுத்துக்கொள்கிறது. கரும்புச் சக்கையில் காகிதம் செய்யவென்று தொடங்கிய நிறுவனம் அது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கழிவைச் சரக்காக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் வெட்டிய இடத்தில் அடிக்கட்டை துளிர்க்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால், சில வருஷத்தில் இன்னொரு அறுவடைக்குத்தான் வழி செய்தது போலாகும்.

அதனால்தான் வயநாட்டில் வெட்டுவதற்குப் பதிலாகப் பட்டையை உரிக்கிறார்கள். மார்பளவு உயரத்திலிருந்து, அதாவது 1.3 மீட்டரிலிருந்து, தரைவரை சுற்றிலும் உரிக்க வேண்டும். ஒரு நார் ஒட்டியிருந்தாலும் அதன் வழியே மரம் உயிர் பிடித்துக்கொள்ளும் என்பதால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மரம் முழுதாகக் காய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. இளங்கன்றுகளை வேரோடு நெம்பிப் பிடுங்க வேண்டும். மண்ணில் கிடக்கும் விதைகள் முளைக்க முளைக்க வருடா வருடம் திரும்பி வர வேண்டும்.

இந்தக் கவலை நம் பக்கமும் வரலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலை சுமார் 2,000 முதல் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. மசினகுடியும் வயநாட்டுக் காடுகளும் ஏறத்தாழ இதே உயர அடுக்கில்தான் வருகின்றன. இங்கும் இலையுதிர் காடுதான், இங்கும் கீழ்த்தளத்தில் புல்தான். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க இலக்கு வைத்திருக்கிறது. கன்றுகள் மலைக்கும் போகும். வேங்கை, இலுப்பை, கடுக்காய், சரக்கொன்றை எல்லாம் மெதுவாக வளர்பவை, சிலவற்றை ஆடு கடிக்கும், கூண்டுச் செலவு உண்டு. மலை ஊர்களான வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் வண்டி ஏற்றும்போதே நாற்றங்கால் வாசலில் காடேறும் இனக் கன்றுகளைப் பார்த்துப் பிரித்துவிட்டால் அந்தச் செலவோடு வேலை முடிந்துவிடும்; மலையில் வேர் பிடித்த பிறகென்றால் மரத்துக்கு மரம் பட்டை உரிக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.