ஒரே இருப்புப்பாதையில் இசையும் கள்ளும்

கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து 1886ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இன்று அத்தடத்தில் குடும்பத்துடன் பயணம் செய்வோர், காலையில் பிரிக்பீல்ட்ஸ் கோயில்களையும் இசைக்கூடங்களையும் கண்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையை அடைந்துவிடலாம். அக்குறும்பயணத்தில் தமிழரின் இரு வேறு வரலாறுகள் எதிர்ப்படுகின்றன. ஒன்று இசையின் வரலாறு. அதனைப் பெருமையுடன் பேசுகிறோம். மற்றொன்று கள்ளின் வரலாறு. அதனைப் பேசத் தயங்குகிறோம்.

செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வேயால் வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி பெற்று வந்தோர் பலர் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணியாற்றினர். மாதச் சம்பளமும் நிலையான குடியிருப்பும் பெற்ற அவர்களால் கந்தசுவாமி கோயில் எழுந்தது. கருநாடக இசையைப் பேணும் சபையும் உருவாயிற்று. 1981இல் சுவாமி சாந்தானந்த சரசுவதி நிறுவிய நுண்கலைக் கோயிலும் இன்று இவ்விடத்திலேயே இசையும் நடனமும் கற்பிக்கிறது. செவ்விசைக்குப் பல்லாண்டுப் பயிற்சியும் ஓய்ந்த மாலைப்பொழுதும் வேண்டும். அவ்விரண்டையும் அளித்தது அந்த மாதச் சம்பளமே.

கிள்ளானைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் நிலை வேறு. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தொழிலாளிக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் உறுமியும் இருந்தன, சபை இல்லை. ஆனால் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. தென்னம்பாளையில் வடியும் சாறு சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். நெடுந்தொலைவு கொண்டுசெல்ல இயலாது. 1972இல் ஷா ஆலாமில் உற்பத்தியைத் தொடங்கிய கார்ல்ஸ்பெர்க் ஆலையின் பீர், புட்டியில் அடைபட்டு நாடெங்கும் செல்ல வல்லது. கள்ளோ தோட்டத்தை ஒட்டியே விற்கப்பட்டது. தோட்டத்துக் கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. எனினும், அந்நிதி நிறைவதற்கு முன்னர்க் குடும்பத்தின் உலைப்பானை குறைந்தது.

இதனைத் தொழிலாளரே உணர்ந்தனர். 1941இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் சார்பில் அதனை வழிநடத்தியவர், தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றைத் தொழிலாளர் கேட்டனர். அக்கோரிக்கைகளுடன் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இடம்பெற்றது. மே மாதத்தில் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

தோட்டத் தமிழன் குடித்துக் கெட்டான் என்று எளிதாகக் கூறுவோர் இக்கோரிக்கையை அறிந்திருத்தல் வேண்டும். தம் வாசலில் வைக்கப்பட்ட கடையை மூடுமாறு கேட்டவர்கள், கூலியையும் கல்வியையும் கேட்ட அதே மக்கள்தாம். பிரிக்பீல்ட்ஸின் இசையை நம் மாணவர்க்கு மரபென்று காட்டும் ஆசிரியர்கள், கிள்ளானில் இறங்கியதும் இந்த மறுப்பையும் மரபென்றே கூறுதல் தகும்.