புதைத்தவர்க்கு இடமில்லாத புனித பூமி

ஆபிரகாம் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய உரையை ஆங்கிலப் பாடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. மக்களாட்சிக்கு இலக்கணம் கூறும் அவ்வுரையின் இறுதிப் பகுதி மேடைதோறும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அது ஒரு சுடுகாட்டுத் திறப்பு விழாவில், பாதி தோண்டப்பட்ட குழிகளுக்கு அருகில் நின்று பேசப்பட்டது என்பதைப் பலர் அறியார். அந்தக் குழிகளைத் தோண்டியவர்கள் யார் என்பதை அறிந்தவர்களோ மிகச் சிலர். நம் சமுதாய இளைஞர்கள் அவசியம் அறிய வேண்டிய பகுதி அதுவே என்பதால் இங்கு அதைச் சற்று விரிவாக எழுத முற்படுகிறேன்.

அமெரிக்காவின் வட மாநிலங்களும், அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களும் 1861 முதல் 1865 வரை போரிட்டன. 1863 ஜனவரி முதல் நாளில் லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார். அதே ஆண்டு ஜூலை 1, 2, 3 ஆகிய நாட்களில், பென்சில்வேனியா மாநிலத்தின் சிற்றூராகிய கெட்டிஸ்பர்க்கில் இரு படைகளும் மோதின. மூன்று நாட்களில் மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் பிடிபட்டோருமாக ஏறத்தாழ 51,000 பேர். தளபதி லீயின் தென் படை தோற்றுப் பின்வாங்கியது.

போரின் போக்கைப் பற்றி எழுதிய நூல்கள் ஏராளம். அதை விடுத்து ஊருக்குள் வருவோம். ஏறத்தாழ 2,400 பேர் வாழ்ந்த அவ்வூரில் கறுப்பின மக்களும் ஒரு சிறு தொகையினர் இருந்தனர். அவர்கள் அடிமைகள் அல்லர். சொந்த உழைப்பில் வாழ்ந்த சுதந்திர மனிதர்கள். லீயின் படை வடக்கே நுழைந்தபோது, வழியில் கண்ட கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே அடிமைகளாக ஓட்டிச் சென்றது. தப்பியோடிய அடிமைகளை மட்டுமன்று, பிறவியிலேயே சுதந்திரமானவர்களையும் அது விட்டு வைக்கவில்லை. ஆகவே கெட்டிஸ்பர்க்கின் கறுப்பின மக்கள் பலர் வீடு வாசலை விட்டுத் தப்பி ஓடினர். ஆபிரகாம் பிரையன் என்பவர் அவர்களுள் ஒருவர். 12 ஏக்கர் நிலமுடைய விவசாயி. அவர் நிலத்தின் மீதேதான் மூன்றாம் நாள் கடும்போர் நடந்தது. திரும்பி வந்தபோது வீடு குண்டுகளால் துளைக்கப்பட்டிருந்தது. வேலியும் விளைச்சலும் அழிந்து போயின. 1,028 டாலர் இழப்பீடு கேட்டார். அரசு கொடுத்தது 15 டாலர்.

இன்னொரு செய்தியும் உண்டு. படை வருகிறது என்றதும் பிலடெல்பியா நகரின் கறுப்பின இளைஞர்கள் ஒரு படைப்பிரிவாகத் திரண்டு மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க் வரை சென்றார்கள். ஆக்டேவியஸ் காட்டோ என்ற இளம் ஆசிரியர் அவர்களில் ஒருவர். அங்கிருந்த தளபதி அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். கெட்டிஸ்பர்க்கில் கறுப்பினப் படைப்பிரிவு எதுவும் போரிடவில்லை என்று வரலாற்று நூல்கள் கூறும்போது இதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். போரிட வராமல் இருந்தார்கள் என்பது வேறு, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது வேறு.

படைகள் நீங்கிய பின் ஊரில் எஞ்சியவை பிணங்களும், ஆயிரக்கணக்கான குதிரைச் சடலங்களும், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட காயம்பட்டோருமே. அவசரத்தில் ஓரடி ஆழத்தில் புதைக்கப்பட்ட உடல்களை மழை வெளிக்கொணர்ந்தது. மகனைத் தேடி வந்த பெற்றோர், பென்சிலால் பெயரெழுதிய பலகைத் துண்டுகளைப் பார்த்தவாறு வயல்களில் அலைந்தனர். இந்நிலையில் டேவிட் வில்ஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞர், வட படையின் வீரர்களுக்கென ஒரு கல்லறைத் தோட்டம் அமைக்க வேண்டும் என்று மாநில ஆளுநர் கர்ட்டினிடம் வற்புறுத்தினார். ஊருக்குத் தெற்கே ஒரு குன்றில் 17 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது.

தோட்டத்தை வடிவமைத்தவர் வில்லியம் சாண்டர்ஸ் என்னும் தோட்டக்கலை வல்லுநர். அவருடைய அமைப்பு என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. நடுவில் ஒரு நினைவுத் தூண். அதைச் சுற்றி அரை வட்டமாகக் கல்லறை வரிசைகள். தளபதி, சிப்பாய் என்ற வேறுபாடு இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை உழவனுக்கும் ஒரே அளவான சாம்பல் நிறக் கருங்கல். மாநில வாரியாகப் பிரித்தாரே அன்றிப் பதவி வாரியாகப் பிரிக்கவில்லை. சாவுக்குப் பின்னாவது மனிதர் சமம் என்ற எண்ணத்தைக் கல்லிலும் மண்ணிலும் காட்டிய திட்டம் அது. அந்தச் சமத்துவம் எங்கே நின்றுவிட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வயல்களில் கிடந்த உடல்களைத் தோண்டியெடுத்து, அடையாளம் கண்டு, பெட்டியிலிட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் பணி 1863 அக்டோபர் இறுதியில் தொடங்கி 1864 மார்ச் வரை நீடித்தது. உடல் ஒன்றுக்கு 1 டாலர் 59 சென்ட் வீதம் ஒரு ஒப்பந்தக்காரர் குத்தகை எடுத்தார். சாமுவேல் வீவர் என்பவர் மேற்பார்வை செய்தார். ஒவ்வொரு உடலின் சட்டைப் பையும் துழாவப்பட்டது. கடிதம், நாட்குறிப்பு, வேதநூல், பணம் என்று கிடைத்தவை குறித்து வைக்கப்பட்டன. எதிர்ப்படையினன் உடல் ஒன்றுகூடத் தோட்டத்துக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் வீவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். இவ்வாறு அங்கு அடக்கம் செய்யப்பட்ட வட படை வீரர்கள் 3,500க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் 979 பேர் பெயரறியாதவர்கள்.

அழுகிய உடலைத் தோண்டும் அந்த வேலையைச் செய்த கைகள் யாருடையவை? பேசில் பிக்ஸ் என்ற கறுப்பினத்தவர் தலைமையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களுடையவை. பிக்ஸ் இரட்டைக் குதிரை வண்டியில் ஒரு தடவைக்கு ஒன்பது பெட்டிகள் ஏற்றிச் சென்றார் என்று கூறப்படுகிறது. வெட்டியான் வேலை எவர் தலையில் சுமத்தப்படும் என்பதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. கடல் கடந்த நாட்டிலும் அதே கணக்குத்தான்.

இந்தப் பிக்ஸ் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர். அது அடிமை முறை நிலவிய மாநிலம். கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே பள்ளி இல்லை. தம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு 1858ஆம் ஆண்டு குடும்பத்துடன் கெட்டிஸ்பர்க்குக்குக் குடிபெயர்ந்தார். குத்தகை விவசாயம் செய்துகொண்டே கால்நடை வைத்தியமும் பார்த்தார். கல்விக்காக ஊர் விட்டு ஊர் சென்ற அந்தத் தந்தையை, ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் நினைவுகூர்வது மிகவும் பொருத்தமே.

1863 நவம்பர் 19 அன்று திறப்பு விழா நடந்தபோது பாதி உடல்கள்கூட இடம் மாறியிருக்கவில்லை. முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். (நம் விழா மேடைகள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.) லிங்கன் மூன்று நிமிடங்களுக்குள் முடித்துவிட்டார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்ற கொள்கையில் பிறந்த நாடு இது என்றும், மாண்டோர் விட்டுச் சென்ற பணியை முடிப்பது வாழ்வோர் கடமை என்றும் கூறினார். அடிமை என்ற சொல்லை அவர் அவ்வுரையில் பயன்படுத்தவில்லை. அதைக் குறையாகக் கூறுவோர் உண்டு. எனினும் சமத்துவம் என்ற ஒரு சொல்லை அந்தக் கல்லறைகளின் நடுவே அவர் நாட்டிவிட்டுப் போனதால்தான், பின்னர் வந்தோர் அதை எடுத்து அந்த நாட்டையே கேள்வி கேட்க முடிந்தது என்பது என் கருத்து.

போரின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வட படையில் சேர்ந்து போரிட்டார்கள். கெட்டிஸ்பர்க் இளைஞர்களும் அவர்களுள் இருந்தனர். ஆனால் ஊர் திரும்பி, பின்னாளில் அவர்கள் இறந்தபோது தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நிறவேற்றுமையே காரணம். 1884இல் ஹென்றி குடன், 1936இல் சார்லஸ் பார்க்கர் என்று இரு கறுப்பின வீரர்களின் எச்சங்கள் வேறிடங்களிலிருந்து எடுத்துவரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டன. சாண்டர்ஸ் வரைந்த அரை வட்டத்தின் சமத்துவம் தோலின் நிறம் வரைதான் சென்றது.

அதற்காக அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1866இல் 'நல்லெண்ணப் புதல்வர்' என்று பொருள்படும் பெயரில் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டே நிலம் வாங்கித் தங்களுக்கென ஒரு கல்லறைத் தோட்டத்தை உண்டாக்கினர். பிற்காலத்தில் அது லிங்கன் கல்லறைத் தோட்டம் எனப் பெயர் பெற்றது. சங்கத்தை அமைத்தவர்களில் லாயிட் வாட்ஸ் என்பவர் படையில் சார்ஜெண்டாகப் பணியாற்றியவர், ஆசிரியர். பிக்ஸும் அச்சங்கத்தில் இருந்தார். ஏறத்தாழ முப்பது கறுப்பினப் போர் வீரர்கள் அங்கே உறங்குகின்றனர். 15 டாலர் பெற்ற ஆபிரகாம் பிரையனின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் நம் மக்கள் ஓர் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அதைச் செய்தித்தாளில் படித்தவர்களுக்கு, சொந்தப் பெயரில் பத்திரம் எழுதி வாங்கிய அந்தத் துண்டு நிலத்தின் மதிப்பு புரியும்.

எதிர்ப்படையினரின் உடல்கள் வயல்களிலேயே விடப்பட்டு, 1870 முதல் 1873க்குள் தெற்கே எடுத்துச் செல்லப்பட்டன. அப்பணியைச் செய்தவர் வீவரின் மகன். அவருக்குச் சேரவேண்டிய தொகை முழுவதும் கொடுபடவே இல்லை.

இனி, போர்க்களம் காக்கப்பட்ட கதை. 1864ஆம் ஆண்டிலேயே உள்ளூர்ப் பெருமக்கள் ஒரு நினைவுச் சங்கம் அமைத்து நிலங்களை வாங்கத் தொடங்கினர். தென் படையின் இறுதித் தாக்குதல் வந்து முறிந்த இடத்தில் ஒரு சிறு மரக்கூட்டம் உண்டு. போருக்குப் பின் அந்நிலத்தை வாங்கியிருந்தவர் வேறு யாருமல்லர், பேசில் பிக்ஸ்தான். அவர் மரங்களை வெட்டத் தொடங்கியபோது, ஜான் பேச்சல்டர் என்ற வரலாற்று ஆர்வலர் வந்து, விறகை விட நின்ற மரத்துக்கே விலை அதிகம் என்று எடுத்துரைத்தார். பிக்ஸ் கோடரியை நிறுத்தினார். 1881இல் அந்நிலத்தை நினைவுச் சங்கம் வாங்கியது. உடல்களைப் புதைத்த அதே மனிதர்தான், இன்று பயணிகள் தேடிச் சென்று காணும் அந்த மரக்கூட்டம் பிழைக்கவும் காரணமானார்.

1890களில் ஒரு மின்சார இரயில் நிறுவனம் போர்க்களத்தின் ஊடே பாறைகளை உடைத்துத் தண்டவாளம் போட்டது. அரசு நிலத்தைக் கையகப்படுத்த முயன்றது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. போர்க்களத்தைக் காப்பதும் பொதுநலமே, அதற்காக அரசு நிலம் எடுக்கலாம் என்று 1896 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பெக்காம். மாணவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: அதே ஆண்டு மே மாதத்தில் அதே நீதிமன்றம், கறுப்பினத்தவரைத் தனி இரயில் பெட்டியில் உட்கார வைப்பது சட்டப்படி சரியே என்று பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையோருடன் சேர்ந்து அதற்கும் இசைவளித்தவர் பெக்காம். விடுதலைப் போரின் மண்ணைக் காத்த நீதிமன்றம், ஐந்து மாதத்துக்குள் அந்த விடுதலையின் பொருளைக் கைவிட்டது.

1913 ஜூலையில் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு இரு தரப்பிலிருந்தும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட முதிய வீரர்கள் கூடினார்கள். பழைய பகைவர்கள் கைகுலுக்கிக் கொண்டனர். குடியரசுத் தலைவர் வில்சன் பேசினார். அடிமைத்தனத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. முகாமில் போர்வை வழங்குவது முதலிய வேலைகளுக்குக் கறுப்பினத்தவர் அமர்த்தப்பட்டிருந்தனர். சண்டையின் காரணத்தை மறந்துவிட்டுச் சண்டையிட்ட வீரத்தை மட்டும் பாராட்டினால் சமாதானம் எளிதில் வந்துவிடும். அதன் விலையை வேறு யாரோ கொடுப்பார்கள். அதே ஆண்டில்தான் வில்சன் அரசு, தலைநகரின் அரசு அலுவலகங்களில் நிறப் பிரிவினையைப் புகுத்தியது. அதே ஜூலையில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில நியூயார்க்கில் வந்திறங்கினார் இருபத்திரண்டு வயது அம்பேத்கர்.

அந்நாட்டின் கறுப்பின மக்கள் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்ற நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1927 ஜனவரி முதல் நாளில், 1818ஆம் ஆண்டுப் போரில் மாண்ட மகர் வீரர்களின் பெயர் பொறித்த கோரேகாவ் தூணின் முன் சென்று நின்றார். தூணை நட்டவர்கள் வெள்ளையர்கள், தங்கள் வெற்றிக்காக. அதில் தம் மக்களின் பெயரைப் படித்தெடுத்து அதற்கு வேறொரு பொருள் கொடுத்தவர் அண்ணல்.

கெட்டிஸ்பர்க்கிலும் அவ்வாறு படித்தெடுக்கும் வேலை காலந்தாழ்த்தியே நடந்தது. நூற்றாண்டு விழாவான 1963இல் துணைக் குடியரசுத் தலைவர் ஜான்சன் அங்கு வந்து, கறுப்பின மக்களின் உரிமையைத் தள்ளிப்போடக் கூடாது என்று பேசினார். 1974இல் தனியார் எழுப்பிய 307 அடி உயரக் காட்சிக் கோபுரம் போர்க்களத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறதென்று 2000ஆம் ஆண்டு ஜூலை 3 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஏறத்தாழ 6,000 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தேசியப் பூங்காவில் பிரையனின் சிறு வீடு இன்று பழைய வடிவில் காக்கப்படுகிறது.

பேசில் பிக்ஸ் 1906இல் காலமானார். ஆயிரக்கணக்கான வீரர்களைத் தம் கையால் கொண்டு சேர்த்த குன்றில் அல்லாமல், தம் சங்கத்தார் காசு சேர்த்து வாங்கிய லிங்கன் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.