பெல்கிரேவ் சாலை: லெஸ்டர் குஜராத்திகளின் சுயதொழிலில் இடத்தின் பங்கு

குடிபெயர்ந்தவர்கள் ஏன் கடை வைக்கிறார்கள் என்பதற்கு இரண்டு விடைகள் நெடுநாளாக வழங்கிவருகின்றன. வணிகம் அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்பது ஒன்று. வேறு வேலை கிடைக்காததால் வைத்தார்கள் என்பது மற்றொன்று. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய கிழக்காப்பிரிக்கக் குஜராத்திகளின் வரலாற்றைப் பார்த்தால், எந்த இடத்தில் வாழ நேர்ந்தது என்பதே இவ்விரண்டையும்விட வலுவான காரணமாகத் தெரிகிறது.

கிழக்காப்பிரிக்காவில் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை 1896-1901இல் இருப்புப்பாதை போடப்பட்டது. பாதை நீள நீள இந்தியரின் சிறுகடைகளும் உள்நாட்டுக்குள் பரவின. கென்யாவின் வளமான மேட்டுநிலங்களோ வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே, குஜராத்தில் ஏர் பிடித்த பட்டிதார்கள்கூட அங்கே எழுத்தர் வேலைக்கோ கடைத்தெருவுக்கோதான் போக முடிந்தது. பிற்காலத்தில் இவர்களையும் ‘பிறவி வணிகர்’ கணக்கில் சேர்த்தது வேடிக்கைதான். விடுதலைக்குப் பின் அந்தக் கடைத்தெருவும் சுருங்கியது: குடியுரிமை பெறாதவர்கள் எந்தப் பகுதியில், எந்தச் சரக்கை விற்கலாம் என்று கென்யாவின் 1967ஆம் ஆண்டு உரிமச் சட்டம் வரம்பு கட்டியது. அதனால் பிரிட்டனுக்குப் பெயர்வோர் தொகை பெருகியது.

உகாண்டாவில் 1972 ஆகஸ்ட்டில் அதிபர் இடி அமீன், ஆசியர்கள் நாட்டைவிட்டு வெளியேற 90 நாள் கெடு விதித்தார். பிரிட்டன் வந்தவர்கள் சுமார் 28,000 பேர். அவர்களை நாடெங்கும் பரவலாகக் குடியமர்த்த நினைத்த மீள்குடியேற்ற வாரியம், ஏற்கெனவே நெருக்கடி மிகுந்ததாகக் கருதிய ஊர்களைத் தவிர்க்கவேண்டிய ‘சிவப்பு’ப் பகுதிகளாகக் குறித்தது. அவற்றில் லெஸ்டரும் ஒன்று. நகரமன்றம் ஒரு படி மேலே போய், ‘எங்கள் ஊருக்கு வராதீர்கள்’ என்ற பொருளில் ‘உகாண்டா ஆர்கஸ்’ நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் அங்கேதான் போனார்கள். முன்பே கென்யாவிலிருந்து வந்திருந்த உறவினர்கள் அங்கே இருந்தார்கள். பின்னலாடை ஆலைகளில் வேலையும் இருந்தது.

அந்த வேலை கதையின் போக்கையே தீர்மானித்தது எனலாம். வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் போனது கடைக்கு அல்ல, ஆலைக்கு. பெண்களுக்குக் கூலி தருவது லெஸ்டர் பின்னலாடைத் தொழிலின் பழைய வழக்கம். வீட்டில் இரண்டாவது சம்பளம் வந்தது. உகாண்டாவில் சொத்தை விட்டுவந்த குடும்பம் மீண்டும் முதல் சேர்க்க அது உதவியது. ஆலை வாழ்வு நிலையானதாகவும் இல்லை. இம்பீரியல் தட்டச்சுப்பொறி ஆலையில் பாகுபாட்டை எதிர்த்து ஆசியத் தொழிலாளர்கள் 1974இல் வேலைநிறுத்தம் செய்தனர். மறு ஆண்டே ஆலை மூடப்பட்டது.

லெஸ்டரின் பெல்கிரேவ் பகுதியில் பழைய தொடர்வீடுகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை ஒட்டிய சாலையில் காலிக் கடைகளும் இருந்தன. குஜராத்தி பேசும் வாடிக்கையாளர்கள் நடந்துவரும் தொலைவில் கூடிவிட்டதால் புடவை, 22 காரட் நகை, இனிப்பு, காரவகை விற்பவர்கள் நிலைத்தார்கள். ‘பாபீஸ்’ சைவ உணவகம் 1976இல் தொடங்கியது. நாளடைவில் வெளியூர்க்காரர்களும் கல்யாணச் சரக்கு வாங்க இங்கே வந்தார்கள்.

ஊர் ஊராகச் சிதறிய குடும்பங்களுக்கு இந்தச் சந்தை வாய்க்கவில்லை. வெள்ளையர் தெருவில் புடவை போணியாகாது. ஓய்வுபெறும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற செய்தித்தாள் கடையையோ அஞ்சல் முகவர் கடையையோ வாங்கி, விடியலில் திறந்து இரவில் மூடினார்கள்; கல்லாவில் ஆங்கிலம் பேசியாக வேண்டியிருந்தது. இவர்களின் மூலதனம் மொழியோ மரபோ அல்ல, நீண்ட நேரமும் குடும்பத்தினரின் சம்பளமில்லா உழைப்பும்தான். குடியேறியவரின் திறமையோடு உள்ளூர்ச் சந்தையையும் சட்டங்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் குளூஸ்டர்மனும் ராத்தும் 1990களின் இறுதியில் வாதிட்டதற்கு, ஒரே பின்னணியிலிருந்து வந்த இந்த இருவகைக் கடைக்காரர்களே நல்ல சான்று.

ஞாயிறு வணிகச் சட்டம் 1994இல் வந்தபோது இந்த வேறுபாடு வெளிப்படையானது. இங்கிலாந்திலும் வேல்சிலும் பெருங்கடைகள் ஞாயிறன்று ஆறு மணிநேரம் திறக்க அது அனுமதித்தது. தெருமுனைக் கடைக்காரரின் ஞாயிற்றுக்கிழமை அனுகூலத்தில் பெரும்பகுதி அத்தோடு போயிற்று. பெல்கிரேவ் நகைக்கடைகளோ சூப்பர் மார்க்கெட்டோடு போட்டியிடும் தொழிலில் இல்லவே இல்லை.