ஆயிரத்து முந்நூறு நிலா

1941 அக்டோபர். தேசியப் பூங்காக்களையும் பொது நிலங்களையும் பராமரிக்கும் அமெரிக்க அமைச்சகம் ஒளிப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. வாஷிங்டனில் உள்ள தலைமை அலுவலகத்தின் சுவர்களில் நாட்டின் இயற்கைக் காட்சிகளைப் பெரிய ஒளிப்படங்களாக மாட்ட வேண்டும் என்பது அமைச்சர் ஹரால்ட் இக்கிஸின் ஆசை. வேலை செய்யும் நாளுக்கு 22 டாலர் 22 சென்ட் கூலி. ஆடம்ஸுக்கு அப்போது வயது 39. எட்டு வயது மகன் மைக்கேலையும் நண்பர் செட்ரிக் ரைட்டையும் ஏற்றிக்கொண்டு, கேமராப் பெட்டிகள் அடைத்த காரில் அமெரிக்கத் தென்மேற்கைச் சுற்றப் புறப்பட்டார். போகிற வழியில் தனியார் நிறுவனங்களுக்கும் படம் எடுத்துக் கொடுத்தால்தான் குடும்பச் செலவுக்குக் கட்டும் என்ற நிலை.

நியூ மெக்சிகோவில் சாமா பள்ளத்தாக்கில் ஒரு நாள் முழுக்க அலைந்தும் மனசுக்குப் பிடித்த படம் ஒன்றுகூட அமையவில்லை. சாயங்காலம் சாண்டா ஃபே நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது சாலையின் இடது பக்கம் ஹெர்னாண்டெஸ் என்ற சிற்றூர் தெரிந்தது. ஸ்பானிய மொழி பேசும் குடியானவர்களின் ஊர். மண் சுவர் வீடுகள், ஒரு தேவாலயம், அதையொட்டிக் கல்லறைத் தோட்டம். மேற்கே இறங்கும் சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைகளின் வெள்ளைச் சிலுவைகள்மேல் விழுந்துகொண்டிருந்தது. கிழக்கே பனி மூடிய சிகரங்கள், அவற்றுக்கு மேல் ஒரு மேகப் பட்டை, அதற்கும் மேலே பௌர்ணமிக்கு இரண்டு நாள் குறைந்த நிலா.

ஆடம்ஸ் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கினார். முக்காலி எங்கே, லென்ஸ் எங்கே என்று இரண்டு பேரையும் விரட்டினார். எட்டு அங்குலத்துக்குப் பத்து அங்குலம் ஃபிலிம் போடும் பெரிய கேமராவை நிறுத்திக் குவியம் பார்த்தாயிற்று. ஒளிமானியை மட்டும் காணவில்லை. வெளிச்சத்தை அளக்காமல் படம் எடுத்தால் பாழாகலாம். தேடிக்கொண்டிருந்தால் சிலுவைகளின் ஒளி போய்விடும்.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு எண் நினைவுக்கு வந்தது. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில். அதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சக ஒளிப்படக்காரர் ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் வகுத்த முறை ஒன்று உண்டு. காட்சியில் உள்ள கறுப்பு முதல் வெள்ளை வரையிலான ஒளி அளவுகளைப் படிப்படியாகப் பிரித்து, எது எந்தப் படியில் விழ வேண்டும் என்று எடுக்கும் முன்பே தீர்மானிக்கும் ‘ஸோன்’ முறை அது. நிலாவை ஏழாம் படியில் வைத்தார். அதாவது வெளுப்பாக இருக்கும், ஆனால் அதன் மேற்பரப்பின் கறைகள் அழியாது. ஃபிலிமின் வேகம் 64. மஞ்சள் ஃபில்டர் போட்டிருந்ததால் மூன்று மடங்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். கணக்கை மனதுக்குள்ளேயே போட்டு, துளை எஃப் 32, நேரம் ஒரு விநாடி என்று முடிவுக்கு வந்தார். எடுத்தார். எதற்கும் இன்னொன்று இருக்கட்டும் என்று ஃபிலிம் சட்டத்தைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளிலிருந்து ஒளி நழுவிவிட்டது. கையில் மிஞ்சியது ஒரே ஒரு நெகடிவ்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். ‘என்ன அதிர்ஷ்டம் பாருங்கள்’ என்று முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒளிமானி இல்லாத கையில் அந்த எண் இருந்ததே, அது அதிர்ஷ்டம் ஆகுமா? போகட்டும். ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டெஸ், நியூ மெக்சிகோ’ என்று இன்று உலகம் அறிந்த படத்தின் பெரும் பகுதி அந்தச் சாலையோரத்தில் உருவாகவே இல்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இருட்டறையில் உருவானது அது.

முதல் சிக்கல் ஃபிலிமைக் கழுவும்போதே வந்தது. வானம் நல்ல வெளிச்சம், தரை மங்கல். வழக்கம்போல் டெவலப் செய்தால் ஒன்று நிலா வெந்துவிடும், அல்லது தரை எழும்பாது. ஆடம்ஸ் ஃபிலிமை டெவலப்பரில் சிறிது நேரம் முக்கி, பின் அசையாத தண்ணீரில் கிடத்தி, மறுபடி டெவலப்பர், மறுபடி தண்ணீர் என்று பத்து முறை மாற்றினார். தண்ணீரில் கிடக்கும்போது வெளிச்சம் நிறைய வாங்கிய பகுதிகளில் மருந்தின் வீரியம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நிழல் பகுதிகளில் மட்டும் வேலை மெல்லத் தொடரும். அப்படிச் செய்தும் நெகடிவின் கீழ்ப் பாதி மெலிந்தே இருந்தது. பிரிண்ட் போடுவது பெரும்பாடு.

அந்தக் காலத்தில் அமெரிக்க ஒளிப்படக்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த வெளியீடுகளில் ஒன்று ‘யு.எஸ். கேமரா’ ஆண்டு மலர். அதன் 1943ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்தவர் எட்வர்ட் ஸ்டைகன். அவருக்கும் ஆடம்ஸுக்கும் ரசனையில் ஒத்துப்போனதே இல்லை. பின்னாளில், 1947இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஒளிப்படத் துறைக்கு ஸ்டைகன் தலைவரானபோது ஆடம்ஸின் மனம் கசந்தது. அங்கிருந்து விலகிய பியூமான்ட் நியூஹால் அவருடைய உற்ற நண்பர். அப்படிப்பட்ட ஸ்டைகன்தான் இந்த நிலாவை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தவர். பிடிக்காதவர் கண்ணையும் நிறுத்திய படம் என்பதை நான் எந்தப் பரிசையும்விட மேலாக மதிக்கிறேன்.

1944இல் படம் சுவரேறியது. இடம் அதே நவீனக் கலை அருங்காட்சியகம். அங்கே ஒளிப்படத்துக்கென்று தனித் துறை 1940இல் தொடங்கியபோது, நியூஹாலுடனும் புரவலர் டேவிட் மக்கால்பினுடனும் நின்று அதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஆடம்ஸும் ஒருவர். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பக்கத்தில் ஒளிப்படத்துக்கு ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்று போராடியவர், அடித்த ஆணியில் தன் படத்தையும் பார்த்தார். அந்த முதற்கால பிரிண்டுகளில் வானம் கறுப்பாக இருக்காது. சாம்பல் நிறத்தில் இருக்கும். நிலாவுக்கு மேலேயும் மெல்லிய மேகக் கீற்றுகள் தெரியும். மாலை நேரம் என்று பார்த்தவுடன் புரியும்.

1948இல் ஆடம்ஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். மெலிந்த கீழ்ப் பாதியைத் தடிமனாக்க, அந்த ஒரே நெகடிவை மறுபடி மருந்தில் இறக்க முடிவு செய்தார். முதலில் திரும்பவும் ஃபிக்ஸரில் போட்டு நன்றாக அலசினார். பிறகு அடிவானத்துக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் கோடாக் ஐஎன்-5 என்ற செறிவூட்டும் கரைசலில் முக்கி எடுத்தார். கை தவறியிருந்தால் மாற்று நெகடிவ் கிடையாது. 1937இல் யோசெமிட்டியில் இருந்த அவருடைய இருட்டறை தீப்பிடித்து ஏராளமான நெகடிவ்கள் போயிருந்தன. இழப்பு என்னவென்று தெரிந்த கைதான் அது. செய்கை பலித்தது. புதர்களும் வீடுகளும் சிலுவைகளும் முன்பைவிடத் திடமாக எழும்பின.

அதன் பிறகுதான் வானம் இருளத் தொடங்கியது. ஆடம்ஸின் பிரிண்டுகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் மேகக் கீற்றுகள் கொஞ்சம் கொஞ்சமாக மறைவது தெரியும். 1970களின் பிரிண்டுகளில் மேல் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நெகடிவில் இருப்பதை அப்படியே தாளில் இறக்கினால் வெளுத்த வானமும் மங்கிய தரையுமாகச் சாதாரணமான படம்தான் வரும். அதிலிருந்து இந்த நாடகத்தை வரவழைத்தது அவருடைய உழைப்பு. அவருடைய பெரிய என்லார்ஜரில் 36 விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்விட்ச். எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஒளி போக வேண்டும் என்று விளக்குகளைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பார். அட்டைகளைப் பிடித்துத் தரைக்கு ஒளியைத் தடுப்பார், வானத்துக்கு மேலும் மேலும் கொடுப்பார். ஒவ்வொரு பிரிண்டுக்கும் இதை முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

ஆடம்ஸ் இளமையில் பியானோக் கலைஞராக வேண்டும் என்று பயின்றவர். நெகடிவை இசைக்குறிப்பு என்றும் பிரிண்டைக் கச்சேரி என்றும் அவர் சொல்லிவந்தது இதனால்தான். நம் ரசிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முப்பது வயதில் பாடிய தோடியும் எழுபது வயதில் பாடும் தோடியும் ஒன்றாகவா இருக்கின்றன?

படத்தின் புகழ் ஏறியதுபோல எடுத்தவரின் வருமானம் ஏறவில்லை. 1946இலும் 1948இலும் கிடைத்த குக்கென்ஹைம் நல்கைகள் தேசியப் பூங்காக்களைச் சுற்ற உதவின. மற்றபடி விளம்பரப் படம், நிறுவனங்களுக்கான படம், பயிற்சி வகுப்பு என்றே பிழைப்பு ஓடியது. 1970களில் நிலைமை மாறியது. ஒளிப்படத்தைச் சேகரிப்பவர்கள் பெருகினார்கள். 1974இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவருக்குப் பெரிய கண்காட்சி. அடுத்த ஆண்டு, டிசம்பர் 31க்குப் பிறகு தனிப் பிரிண்டுகளுக்கு ஆர்டர் வாங்கப்போவதில்லை என்று அவர் அறிவித்தார். கடைசி நாளுக்குள் குவிந்த ஆர்டர்கள் ஆயிரக்கணக்கில். அவற்றில் ஆளாளுக்குக் கேட்டது இந்த நிலாவைத்தான். எழுபது வயது தாண்டிய மனிதர், ஏற்ற ஆர்டர்களை முடித்துக் கொடுக்க ஆண்டுக்கணக்கில் இருட்டறையில் நின்றார். வாழ்நாளில் இந்த ஒரு நெகடிவிலிருந்து அவர் போட்ட பிரிண்டுகள் 1,300க்கும் மேல். பணக் கவலை அவரை விட்டது அப்போதுதான்.

1975இல் 800 டாலருக்கு ஆர்டர் கொடுத்து வாங்கிய படம் அது. 1981இல் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிய ஒரு பிரிண்ட் 71,500 டாலருக்கு விலைபோனது. 2006இல் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் ஒரு பிரிண்டுக்கு 6,09,600 டாலர். கௌரவங்களும் அதே காலத்தில் வரிசையாக வந்தன. 1979இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘அன்செல் ஆடம்ஸும் மேற்கும்’ கண்காட்சி, அதே செப்டம்பரில் ‘டைம்’ இதழின் அட்டையில் அவர் முகம், 1980இல் ஜிம்மி கார்ட்டர் அளித்த அதிபரின் சுதந்திரப் பதக்கம், 1981இல் சுவீடனின் ஹாசல்பிளாட் விருது. இவை எல்லாம் ஒரு படத்துக்காகக் கிடைத்தவை என்று சொல்ல முடியாது. காடுகளையும் மலைகளையும் காப்பாற்ற அவர் வாதாடிய நீண்ட பொதுவாழ்வும் அவற்றில் சேர்ந்திருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது: இந்தப் படம் எடுத்தது என்றைக்கு? ஆடம்ஸுக்குத் தேதி குறித்துவைக்கும் பழக்கம் சரியாக இல்லை. புத்தகத்துக்குப் புத்தகம் 1940 முதல் 1944 வரை வெவ்வேறு ஆண்டுகள் அச்சாகின. நியூஹால் கேட்டுக்கொண்டதால், போல்டரில் இருந்த வானியலாளர் டேவிட் எல்மோர், படத்தில் நிலா இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டு 1941 அக்டோபர் 31 என்றார். ஆடம்ஸும் 1983இல் வெளியிட்ட ‘எக்ஸாம்பிள்ஸ்’ நூலில் அந்த முடிவைச் சொல்லி மகிழ்ந்தார். அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழின் டென்னிஸ் டி சிக்கோ மீண்டும் கணக்குப் போட்டார். எல்மோர் சொன்ன நேரத்துக்கு நிலா அந்த இடத்தில் இருக்காது என்று கண்டார். 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 விநாடி என்பது அவர் முடிவு. எல்மோரும் அதை ஏற்றுக்கொண்டார். தேதியில் இன்னொரு விஷயமும் அடங்கியிருந்தது. அரசுக் கூலியில் சென்ற பயணம் என்பதால் படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழ இடமிருந்தது. அந்த நாளுக்கு ஆடம்ஸ் அரசிடம் கூலி கேட்கவில்லை. படம் அவருடையதே. சுவர்ப்படத் திட்டமோ, போர் வந்ததால் 1942இல் பாதியில் நின்றுபோனது.

ஹெர்னாண்டெஸில் இன்று போய் நின்றால் அந்தக் காட்சி கிடைக்காது. சாலை மாறிவிட்டது. மரங்களும் கட்டடங்களும் தேவாலயத்தை மறைக்கின்றன. அந்தச் சிலுவைகளுக்கு அடியில் கிடப்பவர்களின் பெயர்கள் ஏலப் பட்டியல்களில் வருவதில்லை. தங்கள் முன்னோர் உறங்கும் இடம் உலகத்தின் வரவேற்பறைகளில் தொங்குவது பற்றி அவ்வூர்க்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்க வேண்டும். படத்தைப் பற்றி வந்த எழுத்தில் பெரும்பங்கு ஒளித்துளையையும் விநாடியையும் டாலரையும் சுற்றியே நிற்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

நெகடிவ் இப்போது அரிசோனா மாநிலம் டூசானில், படைப்பு ஒளிப்பட மையத்தில் இருக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஜான் ஷேஃபருடன் சேர்ந்து ஆடம்ஸ் 1975இல் தொடங்கிய மையம் அது. பிரிண்டுகளோ பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. உங்களுக்கு எங்காவது பார்க்க வாய்த்தால், முதலில் அருகில் உள்ள குறிப்பில் பிரிண்ட் போட்ட ஆண்டைப் பாருங்கள். எடுத்த ஆண்டு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 1970களின் கறுத்த வானம் கம்பீரமானது, மறுக்கவில்லை. ஆனால் 1948க்கு முந்தையது ஒன்று கண்ணில் பட்டால் அதன் முன் அதிக நேரம் நில்லுங்கள். மேகம் கலையாத அந்தச் சாம்பல் வானம்தான் என் தேர்வு.