யப்பான் சென்று கற்றவர் யார்?

கல்முனையிலிருந்து வடக்கே மருதமுனைக்கும் தெற்கே அக்கரைப்பற்றுக்கும் செல்லும் கரையோர வீதியில் ஓடுகின்ற வான்களைக் கவனித்தால், அவற்றுட் பலவற்றின் முகப்பில் டொயோட்டா என்னும் பெயர் பொறித்திருக்கக் காண்போம். அந்தப் பெயர் மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று, தறியோடு பிறந்தது. சக்கிச்சி தொயோதா ஒரு கிராமத்துத் தச்சரின் மகன். 1890ஆம் ஆண்டில், ஒரு கையாலேயே இயக்கக்கூடிய மரத்தறி ஒன்றை அவர் செய்தார். 1924இல், நூல் தீர்ந்தவுடன் நாடாவைத் தானே மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறி அவருடைய பட்டறையிலிருந்து வெளிவந்தது. ஒரு காலத்தில் உலகத்துக்கே நெசவுப்பொறி விற்ற இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பனி, 1929இல் அந்தத் தறியின் உரிமையை விலைகொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அவருடைய மகன் கீச்சிரோ தொடங்கிய மோட்டார் முயற்சி 1937இல் தனிக் கம்பனியாக உருவெடுத்தது.

அந்த வான் மருதமுனையைக் கடக்கும்போது அங்கேயும் தறியோசை கேட்கிறது. தறிச்சத்தம் ஒன்றுதான், ஆனால் ஓரிடத்தில் அது பெருந்தொழிலாக வளர்ந்தது, மற்றோரிடத்தில் வயிற்றுப்பாடாகவே நின்றுவிட்டது. ஏன் என்னும் கேள்வியை, வணிகம் கற்க யப்பானுக்குச் செல்ல விரும்பும் நமது இளைஞர்கள் கேட்டுப்பார்க்க வேண்டுமென்பது நமது விருப்பம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியபின் முகாமைத்துவமும் வர்த்தகமும் பயிலும் பிள்ளைகள் இக்கரையோரத்தில் பெருகியிருக்கிறார்கள். மாணவர் பரிமாற்றம், புலமைப்பரிசில் என்னும் சொற்கள் இன்று வீட்டுத் திண்ணைகளிலும் அடிபடுகின்றன. அயல்நாடு சென்று கற்பதைப் பற்றி நமக்குக் குறை எதுவும் இல்லை. சென்றவர் யார், கற்றது எது, கற்றதை யாரிடம் கொண்டுவந்து சேர்த்தார் என்பதே நமது விசாரணை.

யப்பானியர் தாமும் ஒரு காலத்தில் பிறநாடு சென்று கற்ற மாணவர்களே. 1868இன் ஆட்சி மாற்றத்தைத் தொடர்ந்து தலைநகரம் கியோத்தோவிலிருந்து டோக்கியோவுக்குப் பெயர்ந்தது. அரசவையையும் பிரபுக்களையும் நம்பிப் பட்டு நெய்துவந்த கியோத்தோவின் நிசிஜின் நெசவாளர், வாங்குவார் அற்றுத் திகைத்தனர். அந்நிலையில் கியோத்தோ மாநில நிர்வாகம் 1872இல் மூவரைப் பிரான்சிலுள்ள லியோன் நகருக்கு அனுப்பியது. சக்குரா சுனெசிச்சி, இனோவே இஹெய், யொசிதா சூசிச்சி என்பன அவர்களுடைய பெயர்கள். மூவரும் பிரபு வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பிரெஞ்சு மொழிப் புலவர்களும் அல்லர். தறியில் அமர்ந்து பழகிய கைத்தொழிலாளர்.

லியோனில் அவர்கள் கற்றது ஜக்கார்ட் தறி. பூவேலைப்பாடுள்ள துணி நெய்ய அதுவரை நிசிஜினில் இருவர் வேண்டும்; ஒருவர் கீழே நெய்வார், மற்றவர் தறியின் மேலே ஏறி அமர்ந்து பாவு நூல்களைக் கணக்கிட்டு இழுத்துக்கொடுப்பார். ஜக்கார்ட் தறியிலோ துளையிட்ட அட்டைகள் அந்த வேலையைச் செய்தன. எந்தத் துளையில் ஊசி நுழைகிறதோ அந்த நூல் உயரும். சக்குராவும் இனோவேயும் பொறிகளோடு ஊர் திரும்பினர். மேலும் கற்பதற்காகப் பின்தங்கிய யொசிதா வீடு வந்து சேரவில்லை. 1874இல் அவர் வந்த பிரெஞ்சுக் கப்பல் யப்பானின் இசுக் கரைக்கு அருகே மூழ்கியது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவர் கற்ற கல்வி கடலோடு போயிற்று. எஞ்சிய இருவரும் தாம் கற்றதை இரகசியமாகப் பூட்டிவைக்கவில்லை. மாநில நிர்வாகம் நடத்திய நெசவுக்கூடத்தில் பிறருக்குக் கற்பித்தனர். சில ஆண்டுகளுக்குள்ளேயே அரக்கி கொஹெய் என்னும் நிசிஜின் தச்சர் அந்தத் தறியை உள்ளூர் மரத்தில் செய்துகாட்டினார். இறக்குமதிப் பொறிக்குக் கைகட்டி நிற்கும் நிலை இவ்வாறு நீங்கியது.

வணிகக் கல்வியிலும் அவர்கள் வழி இதுவே. 1867இல் பாரிசு சென்று வங்கியும் கூட்டுப்பங்குக் கம்பனியும் இயங்கும் விதத்தைக் கண்டுவந்த சிபுசாவா எயிச்சி போன்றோரின் ஆதரவில், 1875இல் டோக்கியோவில் தோன்றிய சிறு வணிகப் பள்ளியே இன்றைய ஹிதொசுபாசிப் பல்கலைக்கழகம். அயலவர் துறைமுகத்தில் வந்து விலை சொல்ல, தலையசைக்கும் நிலையில் தம் வணிகர் இருத்தலாகாது என்பதே அப்பள்ளியின் பிறப்புக்குக் காரணம்.

இனி நம் பக்கம் திரும்புவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசியா முழுவதும் யப்பானை வியந்து நோக்கிற்று. 1904இல் கல்கத்தாவில் ஜோகேந்திர சந்திர கோஷ் ஒரு சங்கத்தைத் தொடங்கி, விஞ்ஞானமும் கைத்தொழிலும் கற்க வங்க இளைஞரை யப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார். சவர்க்காரம், பீங்கான், தீப்பெட்டி முதலியன செய்யக் கற்றுப் பலர் திரும்பினர். கல்கத்தாவில் குடியேறிய யப்பானியரிடமிருந்தும் அங்கே தீப்பெட்டித் தொழில் பரவியது. சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று அத்தொழிலைப் பழகி வந்து தம் ஊரில் நட்டனர். வறண்ட பூமியில் அத்தொழில் வேரூன்றிய கதை பெருமைக்குரியது. பின்னாளில் அதே தொழில் சிறு பிள்ளைகளின் விரல்களைக் கொண்டு வளர்ந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நமது தீவிலிருந்தும் ஒருவர் சென்றார். அனகாரிக தர்மபாலரின் முயற்சியால் டொலப்பிஹில்ல என்னும் இளைஞர் யப்பானுக்கு நெசவு கற்க அனுப்பப்பட்டார். ராஜகிரியவில் ஹேவாவிதாரண நெசவுப் பள்ளி தோன்றியது இந்த முயற்சியின் பயனாகவே. அந்நியத் துணிக்கு எதிராகத் தறியை நிறுத்த வேண்டுமென்ற எண்ணம் போற்றத்தக்கது. ஆயினும் தர்மபாலரின் எழுத்துகளில் முஸ்லிம் வணிகர்மீது காணப்படும் கசப்பும் வரலாறு படித்தோர் அறிந்ததே. தேசத்தைப் பற்றிய அந்தக் கனவில் மருதமுனைத் தறிகாரனுக்கு இடம் இருந்ததாக நாம் கருதவில்லை. யப்பானியத் தறிநுட்பம் தீவின் மேற்குக் கரையில் இறங்கியது. கிழக்குக் கரைக்கு யப்பானியத் துணியே வந்தது.

அந்தத் துணியின் கதையும் இரண்டு முகம் உடையது. 1930களில் இலங்கைச் சந்தையில் மான்செஸ்டர் துணியை யப்பானியத் துணி விலையால் வென்றது. ஏழை வாங்கி உடுத்த முடிந்தது. பிரித்தானிய அரசு அதற்கு வரம்பு விதிக்க முற்பட்டபோது இலங்கை அரசாங்க சபை இணங்கவில்லை; 1934இல் இலண்டனிலிருந்து கட்டளை பிறப்பித்து அந்த வரம்பு திணிக்கப்பட்டது. அது மருதமுனைத் தறியைக் காக்கவந்த வேலி அன்று. லங்காஷயர் முதலாளிகளைக் காக்கவந்த வேலி. அந்த மலிவுக்கு விலைகொடுத்தவர்களையும் நாம் மறக்கலாகாது. கிராமத்து உழவர் வீடுகளிலிருந்து முன்பணம் கொடுத்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள், விடுதிகளில் அடைபட்டு, 1929வரை இரவு முறையிலும் யப்பானிய ஆலைகளில் நூல் நூற்றனர். மலிவுத் துணியின் ஊடையில் அவர்களுடைய ஈரலும் நுரையீரலும் கிடந்தன.

எட்டு ஆண்டுகள் சென்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள், மட்டக்களப்புக்கு அப்பால் கடலில், பிரித்தானியாவின் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. துணியாக அறிந்த யப்பானை இக்கரையோரம் குண்டாக அறிந்தது அன்றுதான். அடுத்த ஆண்டு, தன் கைவசமான மலாயா, பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்சு நாடுகளிலிருந்து யப்பான் மாணவர்களைத் தன் நாட்டுக்கு அழைத்துச் சென்றது. பேரரசுக்கு ஊழியம் செய்யும் கூட்டமொன்றை வளர்ப்பதே நோக்கம். அவர்களுட் சிலர் ஹிரோசிமாவில் படித்துக்கொண்டிருந்தனர். 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் விழுந்த அணுகுண்டு, மலாயாவிலிருந்து கற்கச் சென்ற இரண்டு முஸ்லிம் இளைஞர்களின் உயிரையும் கவர்ந்தது.

போருக்குப் பின் காற்று மாறியது. 1951இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், யப்பானிடம் இழப்பீடு கோருவதில்லை என இலங்கையின் சார்பில் ஜே. ஆர். ஜயவர்த்தன அறிவித்தார். 1954இல் யப்பான் கொழும்புத் திட்டத்தில் சேர்ந்தது. அதே ஆண்டில் அந்நாட்டு அரசின் புலமைப்பரிசிலும் தொடங்கிற்று. வெளிநாட்டுத் தொழிற்பயிற்சியாளருக்கென 1959இல் தனிச் சங்கமும் அங்கே அமைந்தது. கதவு திறந்தது உண்மை. ஆனால் கொழும்புத் திட்டப் பயிற்சி அரசோடு அரசு பேசி நடப்பது. திணைக்களத்தில் உத்தியோகம், ஆங்கிலத்தில் விண்ணப்பம், கொழும்பில் நேர்முகம் என்னும் படிகளைக் கடந்தவரே கப்பலேறினர். குழித்தறியில் காலை வைத்து நாடா எறிபவருக்கு அந்தப் படிகளுள் முதலாவதே மலையாயிருந்தது.

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் கைத்தறிக்கு நல்ல காலம். 1977இன் திறந்த பொருளாதாரம் அந்த வேலியைப் பிடுங்கியது. வெளிநாட்டுத் துணி வெள்ளமாய்ப் பாய்ந்தது. தீவெங்கும் தறிகள் ஓய்ந்தன. பின்னர் யுத்தம். அதன்பின் 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஏறி வந்து மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களை வாரிச் சென்றது. தீவிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே.

இன்று யப்பானுக்குச் செல்லும் வழிகள் பல. 1983இல் ஒரு லட்சம் அயல்நாட்டு மாணவரைச் சேர்ப்பதென அந்நாட்டு அரசு இலக்கு வகுத்தது. 2003இல் அது நிறைவேறியது. ஆனால் வாலிபர் குறைந்துவரும் அந்நாட்டில் மாணவன் என்னும் சொல்லுக்குள் கூலியாளும் ஒளிந்திருக்கிறான். மாணவர் விசாவில் வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது விதி. தரகருக்குப் பட்ட கடனை அடைக்க அந்த 28 மணி நேரம் போதாதபோது, படிப்புத் தவறும். படிப்புத் தவறினால் விசாவும் தவறும். 2017இல் மாணவியாகச் சென்ற ஓர் இலங்கைப் பெண், தங்கும் உரிமையை இழந்து தடுத்துவைக்கப்பட்டு, தக்க சிகிச்சை கிட்டாமல் 2021 மார்ச்சில் நகோயாவின் குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் 33ஆம் வயதில் மாண்டார். தொயோதாவின் தறிகள் பெயர்பெற்ற அதே மாநிலத்தில்தான் நகோயா இருக்கிறது. அச்சாவின் பின்னர் குடிவரவுச் சட்டத் திருத்தத்துக்கு எதிராக வீதியில் இறங்கிய யப்பானிய இளைஞரை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

வணிகம் கற்கச் செல்லும் நமது பிள்ளைகள் டோக்கியோவின் உயர்ந்த மாடங்களை மாத்திரம் பார்த்துத் திரும்பலாகாது. இமபாரி என்றொரு சிறு பட்டணம் சிக்கோக்குத் தீவில் உண்டு. துவாய் நெய்வது அவ்வூரார் தொழில். மலிவான இறக்குமதித் துவாய்கள் வந்து குவிந்தபோது அங்கும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மருதமுனை கண்ட அதே துயரம். 2006இல் எஞ்சிய ஆலைக்காரர் ஒன்றுகூடி, ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரே முத்திரையை ஏற்படுத்தினர். அந்த முத்திரையைப் பெறுவதற்குரிய சோதனைகளுள் ஒன்று மிக எளியது: துவாயில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் இடுவர், ஐந்து விநாடிக்குள் அது நீரை உறிஞ்சி மூழ்க வேண்டும். மூழ்காத துவாய்க்கு, நெய்தவர் எத்தனை பெரிய முதலாளியானாலும், முத்திரை இல்லை.

அந்தச் சோதனையை யார் வகுத்தார், தவறியவரோடு சங்கம் எவ்விதம் பேசிற்று, விளம்பரச் செலவைச் சிறு தறிக்காரனுக்கும் பெரிய ஆலைக்கும் எப்படிப் பங்கிட்டனர், இலாபத்தில் நெய்தவளின் கைக்கு எவ்வளவு சென்றது என்பவற்றைக் கேட்டறிந்து, தமிழில் எழுதி மருதமுனைக்குக் கொண்டுவர ஒரு மாணவி போதும். அவளோடு தறியில் அமர்ந்து பழகிய ஒருவரையும் சேர்த்தனுப்பினால், சாயம் போகாத சாரத்துக்கு என்ன சோதனை வைக்கலாம் என்பதை அவர்கள் கப்பலேறும் முன்னரே பேசத் தொடங்கிவிடுவார்கள்.